1985க்கு முந்தின ரசீது கேட்ட சபைக்கு, சந்திக் கடைக்காரி எழுதுறது

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயாவுக்கும், உறுப்பினர்மாருக்கும், செயலாளர் அம்மாவுக்கும், கவுண்டருக்கு அங்கால இருந்து எனக்குப் போம் தந்த அந்தத் தங்கச்சிக்கும் வணக்கம்.

ஊர்ப் பேரும் சபைப் பேரும் நான் போடேல்ல. வன்னிக்குள்ள, ஏ9 றோட்டுக்கரையில ஒரு சந்தி எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுவம். விளங்க வேண்டிய ஆக்களுக்கு விளங்கும், மற்ற ஆக்கள் தங்கட ஊர்ச் சந்தி எண்டு நினைச்சு வாசிச்சாலும் பிழையில்ல, எல்லாச் சந்தியிலயும் இதே கதைதான்.

விசயம் இதுதான். சந்தியில இருக்கிற தகரக் கடையள் எட்டையும் கழட்டிப் போட்டு ரெண்டு மாடிக் கடைத்தொகுதி கட்டப் போறியள், நல்ல விசயம், நான் எதிர்க்கேல்ல, மாரி மழைக்கு என்ர தகரம் எத்தினை இடத்தில ஒழுகும் எண்டு எனக்குத்தான் தெரியும், மாச் சாக்குக்கு மேல ரெண்டு வாளி வைச்சுப் போட்டுத்தான் நான் படுக்கிறது. பழைய வியாபாரியளுக்கு முதலிடம் எண்டு நோட்டீசில போட்டிருக்கிறியள், அதுவும் நல்லம். ஆனா அந்த முதலிடம் கிடைக்கிறதெண்டா 1985க்கு முந்தின வியாபார லைசென்ஸ் இல்லாட்டி சோலைவரி ரசீது, அதுவும் ஒறிஜினல், கொண்டு வரவேணுமாம். நான் அம்மாண, முதல் வாசிக்கேக்க சிரிச்சுப் போட்டன். பேந்துதான் அவையள் பகிடிக்கு எழுதேல்ல எண்டு விளங்கினது. கவுண்டரில கேட்டன், பிள்ளை, எங்கட கடை எப்ப துவங்கினது எண்டு இந்தச் சந்தியில எந்தக் கிழவனைக் கேட்டாலும் சொல்லுவினமே எண்டு. அதுக்கு அவ, "அம்மா, டொக்கியுமென்ற் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது" எண்டா. அவவில நான் கோவிக்கேல்ல. 2009 இல அவவுக்கு ஏழோ எட்டோ வயசிருக்கும், அவவின்ர பிறப்புச் சான்றிதழே பேந்து எடுத்ததாத்தான் இருக்கும்.

ஒண்டை முதல் சொல்லிப் போட்டுத் துவங்குறன். பிரதேச சபைச் சட்டம் எண்டு ஒண்டு வந்ததே 1987 இல. அதுக்கு முந்தி இருந்தது கிராமச்சங்கம், பேந்து 81 இல அதையும் இல்லாமப் பண்ணி மாவட்ட அபிவிருத்திச் சபை எண்டு கொண்டு வந்தாங்கள். அப்ப நீங்கள் பிறக்கிறதுக்கு முந்தி நீங்கள் தந்த ரசீதைத்தான் இப்ப கேக்கிறியள். சரி, அதை விடுவம். டொக்கியுமென்ற் கேட்டனீங்கள், இதுதான் டொக்கியுமென்ற். கொஞ்சம் நீளம், தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ.

எங்கட அப்பப்பா புங்குடுதீவு. தீவாக்கள் கடை வைக்காத ஊர் இலங்கையில இல்லை எண்டு சொல்லுவினம், புங்குடுதீவு, காரைநகர், வேலணை எண்டு அங்கத்த ஆம்பிளையள் கனபேர் தெற்கில, மலைநாட்டில எல்லாம் கடையளில நிண்டவை. அப்பப்பாவும் சின்ன வயசில தென்பகுதியில ஒரு கடையில பொட்டலம் கட்டின பெடியன்தான். 53 ஆம் ஆண்டு ஆவணி மாசம் ஹர்த்தால் நடந்ததெல்லே, கொத்து அரிசி 25 சதத்தில இருந்து 70 சதத்துக்கு ஏத்தினதுக்கு, அந்தக் குழப்பத்தோட முதலாளி கடையைச் சுருக்க இவர் வேலை இல்லாம வந்திட்டார். அடுத்த வருசம் ஒரு தராசும் ரெண்டு சாக்கும் கொண்டு இஞ்ச வந்து இறங்கினவர். அப்பம்மா சொன்ன கணக்கு அது. பிழையா இருந்தாலும் ஒரு வருசம் முன்பின்னாத்தான் இருக்கும், ஏனெண்டா யாழ்தேவி முதன்முதல் 56 இல ஓடேக்க இந்தச் சனம் எல்லாம் தண்டவாளத்தடியில போய் நிண்டு பாத்ததாம், அண்டைக்குக் கடையில வெத்திலை முடிஞ்சு போச்சாம், அது அவவுக்கு நல்ல ஞாபகம்.

ஏன் இஞ்ச வந்தவர் எண்டா காணி. யாழ்ப்பாணத்தில காணி இல்லாத சனத்தைக் கிளிநொச்சிப் பக்கம் 36 ஆம் ஆண்டிலயே கொண்டு வந்து குடியேத்தத் துவங்கினவை, இரணைமடுத் தண்ணியை நம்பி. அதுக்குப் பிறகு ஒவ்வொரு குளத்துக்குக் கீழயும் ஒவ்வொரு திட்டம். காட்டை வெட்டி, யானைக்கும் நுளம்புக்கும் நடுவில இருக்கிற சனத்துக்கு உப்பு வேணும், நெருப்புப்பெட்டி வேணும், மண்ணெண்ணை வேணும், பொயிலை வேணும். நெல்லு அவையிட்ட இருக்கு, மரக்கறி இருக்கு, குளத்து மீன் இருக்கு, இந்த நாலும்தான் இல்லை. இந்த நாலையும் வைச்சுக்கொண்டு சந்தியில குந்தினவர்தான் எங்கட அப்பப்பா. கடைக்குப் பேர்ப் பலகை ஒண்டும் இல்லை, சனம் சொன்ன பேர் "தீவாற்ர கடை". இண்டைக்கும் எழுவது வயசு தாண்டின ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம், நான் தீவைக் கண்ணால கண்டது ரெண்டே ரெண்டு தரம்.

முதல் கிடுகுக் கொட்டில். பிறகு கல்லுச் சுவர், ஓடு, முன்னுக்குச் சீமெந்துப் படி மூண்டு. கதவு எண்டு இப்ப மாதிரி ரோலர் சட்டர் இல்லை, முதிரைப் பலகையில 14 பலகை, மேலயும் கீழயும் தவாளிப்பு, விடிய ஒவ்வொண்டா உருவி எடுத்துச் சுவரோட சாத்தி வைக்கிறது, இரவு திருப்பிச் சொருகிறது. எந்தப் பலகை எந்த இடம் எண்டு மாறாம இருக்க உளியால 1, 2 எண்டு வெட்டிக் கிடந்தது. நான் எண் படிச்சது பள்ளிக்கூடத்தில இல்லை, அந்தப் பலகையிலதான். அதில 9 உம் 10 உம் ஒரு மாரிக்கு ஊதி இடம் மாறினதால எனக்கு முதலாம் வகுப்பு மட்டும் 8க்குப் பிறகு 10, 10க்குப் பிறகு 9. ரீச்சரிட்ட அடியும் வாங்கினனான்.

உள்ளுக்குப் பட்டறை, அதில லாச்சி, லாச்சிக்குள்ள காசு, லாச்சிக்குக் கீழ அப்பப்பாவின்ர சுருட்டு. வலப்பக்கம் அரிசி மா சீனிச் சாக்கு, இடப்பக்கம் செத்தல், மல்லி, உள்ளி, புளி, கருவாட்டுப் பெட்டி கொஞ்சம் தள்ளி. பின்னுக்கு மண்ணெண்ணைப் பீப்பாய். மண்ணெண்ணை வாத்த கையால சீனி நிறுக்கக் கூடாது எண்டு அப்பம்மா சட்டம் வைச்சிருந்தவ, அதனால அப்பா சின்னனில மண்ணெண்ணைப் பகுதி, சித்தப்பா சீனிப் பகுதி, சித்தப்பா பள்ளிக்கூடத்தால வந்தா எறும்பு பின்னால வருமாம். அரிசி கொத்தாலயும் சுண்டாலயும் அளக்கிறது, நாலு சுண்டு ஒரு கொத்து, சுண்டு எண்டுறது கடைசியில ரின்பால் பேணிதான். மிச்சமெல்லாம் றாத்தல், அவுன்ஸ். பேப்பர்ச் சரைக்குள்ள போட்டுச் சணல் நூலால ரெண்டு சுத்து. பழைய பேப்பரில சரை சுத்திறதால கடைக்கு வாற பெடியள் சீனியை வீட்டில குடுத்திட்டு சரையை விரிச்சு வாசிப்பாங்கள். எங்கட ஊரில முதல் பேப்பர் வாசிச்ச தலைமுறை ஒரு கிழமை பிந்தித்தான் வாசிச்சது.

சாமான் வந்த வழியையும் சொல்லோணும். கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில இருந்து றெயிலில பாசல் வரும், ஸ்ரேசனில இருந்து வண்டில். யாழ்ப்பாணத்தில இருந்து லொறியில பொயிலை, வெங்காயம், பனங்கட்டி. இஞ்சயிருந்து திரும்பிப் போறது நெல்லு, தேன், பாலைப்பழக் காலத்தில பாலைப்பழம். காட்டுக்குப் போன ஆக்கள் போத்தில்ல தேன் கொண்டு வந்து வைச்சிட்டு ஒரு கொத்து உப்பும் ஒரு கட்டுப் பொயிலையும் எடுத்துக்கொண்டு போவினம், காசு கையில தொடாமலே வியாபாரம் முடிஞ்சிடும். உதுக்கெல்லாம் எந்தச் சங்கம் ரசீது எழுதினது எண்டு எனக்குத் தெரியாது.

இப்ப கொப்பிக்கு வாறன், ஏனெண்டா கடை எண்டா அதுதான், மிச்சமெல்லாம் சாமான்.

வன்னியில காசு வாறது வருசத்தில ஒருக்கா, வாய்க்கால் தண்ணி இருந்தா ரெண்டு தரம். காலபோகம் வெட்டிச் சூடு மிதிச்சு நெல்லு வித்தாத்தான் கமக்காரன்ர கையில காசு. மிச்ச மாசம் எல்லாம் கொப்பி. அப்பப்பா நீட்டுக் கொப்பியில எழுதுவார், ஆனா ஆற்ர பேரையும் எழுத மாட்டார், பேர் எழுதினா பின்னுக்கு வாறவன் வாசிச்சிடுவான், குடும்ப மானம் போயிடும் எண்டு. அவர் எழுதிறது "ரெண்டாம் வாய்க்கால் நெட்டை", "வேம்படி மருமோன்", "கோழிக்கள்ளன்", "ஏழு பிள்ளை", இப்பிடித்தான். கோழிக்கள்ளன் எண்டு எழுதப்பட்ட மனிசன் ஒருக்கா எட்டிப் பாத்து வாசிச்சுப் போட்டு, உது ஆர் முதலாளி எண்டு கேட்டவராம், அது வேற ஆள் எண்டு சொல்லிச் சமாளிச்சதாம். தை, மாசியில வந்து எல்லாரும் கட்டுவினம், கட்டினாப் பக்கத்துக்குக் குறுக்க ஒரு கோடு. வெள்ளம் அடிச்ச வருசம் கோடு இல்லை, அடுத்த வருசத்துக்கு இழுபடும். வட்டி கிடையாது, ஆனா கடன்காரனுக்கு அவுன்ஸ் கணக்கில கொஞ்சம் குறைச்சு நிறுத்தவர் எண்டு அப்பம்மா சாகிறதுக்கு முந்தி என்னட்டச் சொன்னவ. அப்பப்பாவைத் தெய்வம் ஆக்க நான் இதை எழுதேல்ல, அதையும் பதிஞ்சு விடுறன்.

70 இல இருந்து 77 மட்டும் எங்கட கடையின்ர பொற்காலம். வெளிநாட்டுச் சாமான் வரவு நிண்டுது, செத்தல் மிளகாயும் வெங்காயமும் தங்க விலை. விசுவமடு, முத்தையன்கட்டு எண்டு படித்த வாலிபர் திட்டத்தில வந்த பெடியள் மிளகாய் போட்டு அடிச்ச காசில றலி சைக்கிள் வாங்கினாங்கள், றேடியோ வாங்கினாங்கள், எங்கட கடையில முதன்முதலாப் பவுடர் ரின் வைச்சது அப்பதான். ஆனா அதே காலத்தில பாணுக்கு விடிய நாலு மணிக்குக் கியூ, சீனி கூப்பனுக்கு அளந்து, அரிசி மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு போனா மறிச்சுப் பறிப்பாங்கள். கூப்பன் எல்லாம் கூட்டுறவுச் சங்கக்கடையிலதான், எங்களுக்கு அதில பங்கில்லை, அப்பப்பாவுக்கு அந்தச் சங்கக்கடை மனேச்சரோட இருந்த கோவம் அவர் செத்த பிறகும் எங்கட வீட்டில ஓடினது. 77 இல திறந்த பொருளாதாரம் எண்டு வெளிநாட்டு மிளகாய் கப்பலில வந்து இறங்க, ஒரே வருசத்தில கொப்பியில கோடு போடாத பக்கம் கூடிப் போச்சு.

77 கலவரத்தோடயும் 83 ஓடயும் மலைநாட்டில இருந்து சனம் வந்தது. உடுத்த உடுப்போட வந்து காட்டோரம் கொட்டில் போட்டு இருந்ததுகள். அப்பப்பா அவைக்குக் கொப்பி துறக்கேல்ல. காணி இல்லை, போகம் இல்லை, என்னத்தை நம்பிக் குடுக்கிறது எண்டு கேட்டவர். தோட்டத்தில கூலி வேலை செய்யிற சனத்துக்குக் கடன் இல்லை எண்டு அவர் நிண்ட நிலை இண்டைக்கும் எனக்கு வெக்கம். அப்பம்மாதான் பின்கதவால வேற ஒரு சின்னக் கொப்பி வைச்சுக் குடுத்தவ, பள்ளிக்கூடக் கொப்பி, 40 பக்கம். ஒழுங்காக் கட்டினது அந்தச் சின்னக் கொப்பிதான் எண்டு பேந்து அப்பப்பாவே ஒத்துக்கொண்டவர், வாயால இல்லை, சின்னக் கொப்பியை எடுத்துப் பெரிய கொப்பிக்குப் பக்கத்தில பட்டறையில வைச்சார், அவ்வளவுதான்.

சபையிட்ட நான் முக்கியமாக் கேக்கிறது ஒண்டு இதுக்குள்ளதான் வருது. எங்கட கடைக்கு வலப்பக்கம், இப்ப போன் றீலோட் பண்ணுற பெடியன் நிக்கிற இடம், அது காக்காவின்ர கடை, முஸ்லிம் முதலாளியை நாங்கள் அப்பிடித்தான் கூப்பிடுறது. புடைவையும் பித்தளைச் சாமானும். எங்களுக்கும் அவைக்கும் நடுவில ஒரு சுவர்தான். நோன்பு காலத்தில கஞ்சி எங்கட வீட்டுக்கு வரும், தைப்பொங்கலுக்குப் பொங்கல் அங்க போகும். அப்பப்பாவிட்டச் சில்லறை முடிஞ்சா சுவரில தட்டுவார், அங்காலயிருந்து கை நீளும். 1990 ஐப்பசியில வடக்கில இருந்த முஸ்லிம் சனம் முழுக்கப் போகச் சொல்லிப் போனது உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிற ஆக்களுக்கும் தெரியும். காக்கா கடைத் திறப்பை அப்பாவின்ர கையில வைச்சிட்டு, ரெண்டு மூண்டு கிழமையில வந்திடுவம் தம்பி எண்டு சொல்லிப் போட்டு ஒரு பையோட புத்தளத்துக்குப் போனவர். அப்பா ஒண்டும் சொல்லேல்லயாம், ஒண்டும் செய்யவும் இல்லையாம். அண்டைக்கு முழு நாளும் கடையைத் துறந்து வைச்சுக்கொண்டு ஒருத்தருக்கும் ஒண்டும் நிறுத்துக் குடுக்காம இருந்தவர் எண்டு அம்மா சொல்லுவா. அந்தத் திறப்பு அப்பாவின்ர இடுப்பில கன வருசம் கிடந்தது. கடை போன பிறகும் திறப்புக் கிடந்தது.

தவிசாளர் ஐயா, உங்கட போமில "தொடர்ச்சியாக இயங்கியதற்கான ஆதாரம்" எண்டு ஒரு கட்டம் இருக்கு. காக்காவின்ர பேரப்பிள்ளையள் அந்தக் கட்டத்தில என்னத்தை நிரப்புறது? எனக்காவது இடம்பெயர்ந்த கதை சொல்லலாம், போகச் சொன்ன ஆக்களிட்டப் போய்த் தொடர்ச்சி கேக்கிற மாதிரி எல்லோ இருக்கு. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கோ.

அதே 90 ஆனியில சண்டை திரும்பத் துவங்க றெயில் வவுனியாவோட நிண்டுது, ஏ9 பூட்டுப்பட்டுது, பொருளாதாரத் தடை வந்தது. கடை நடத்திறதெண்டா என்னெண்டு அப்பா படிச்சது அந்தப் பன்ரெண்டு வருசம்தான். பற்றி இல்லை, பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, யூறியா இல்லை, மண்ணெண்ணை சொட்டுக் கணக்கு. வவுனியாவுக்குக் கிட்ட தாண்டிக்குளம் சோதனைச்சாவடியால சைக்கிளில கட்டிக்கொண்டு வாறது, அதுவும் விட்டாத்தான், விட்ட அளவுதான். எங்கட கடையில கூட வித்தது வெறும் ஜாம் போத்தில். அதுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, பஞ்சில நனையிற அளவு எண்ணை, மூடியில ஒரு திரி, அந்த விளக்கில படிச்சுத்தான் எங்கட வயசுப் பிள்ளையள் கம்பஸ் போனதுகள். சவுக்காரம் இல்லாத மாசம் பனங்காய்க் களியில உடுப்புத் தோய்ச்சம், வெள்ளைச் சட்டை மஞ்சளாகி மாடு பின்னால வரும், சிரிக்காதேங்கோ, உண்மை. சீனிக்குப் பதிலாப் பனங்கட்டி கடிச்சுக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணையில ஓடும், ஸ்ராட் எடுக்கிறதுக்கு மட்டும் ஒரு சின்னப் போத்திலால நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சிறது. அப்பா அந்த நாலு சொட்டையும் கடனுக்குக் குடுத்துக் கொப்பியில எழுதினவர், "பீச்சு 1" எண்டு.

95 ஐப்பசி முடிவில யாழ்ப்பாணச் சனம் சண்டைக்கு இடம்பெயர்ந்து கிளாலிக் கடல் கடந்து வந்து இஞ்ச நிறைஞ்சுது. கடைப்படி மூண்டிலயும் ராத்திரியில ஆள் படுத்திருக்கும். சாமான் வரமுந்தியே முடிஞ்சிடும். அப்பா ஒருத்தருக்கு அரை றாத்தலுக்கு மேல குடுக்கிறேல்ல எண்டு வைச்சார், கூட விலை தாறன் எண்ட ஆக்களுக்கும் இல்லை, அதுக்கு ஏச்சும் வாங்கினவர், எங்கட சொந்தக்காரரே ஏசினவை.

97 வைகாசியில ஆமியின்ர ஜெயசிக்குறுச் சண்டை துவங்க, இடம்பெயர எங்கட முறை. மல்லாவிக்குப் போனம், அப்ப மல்லாவிதான் ரவுண், எல்லா ஊர்க் கடையும் அங்க தகரத்துக்குக் கீழ. பேந்து புதுக்குடியிருப்புப் பக்கம். ஒரு மேசை, ஒரு தறப்பாள், அதே தராசு, அது கடை. வீட்டில எல்லாருக்கும் மாறி மாறி மலேரியா, குளோரோகுயின் கசப்போட நான் சில்லறை எண்ணியிருக்கிறன். 99 கார்த்திகைக்குப் பிறகு திரும்பி வந்து பாத்தா ஓடு இல்லை, சுவர் அரைவாசி. திரும்பக் கட்டினம்.

2002 மாசியில போர்நிறுத்த ஒப்பந்தம், சித்திரையில ஏ9 துறந்தாங்கள். முறிகண்டியில கச்சான் வித்த சனத்துக்கு அடிச்ச யோகம் மாதிரி எங்களுக்கும். வெளிநாட்டுக்குப் போன எங்கட சனம் வானில வந்து இறங்கி, தோடம்பழ இனிப்பு இருக்கோ எண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு அழுதினம். அந்த நாலு வருசத்தில அப்பா பிறிச் வாங்கினார், சோடா குளிராக் குடுத்தம். 2006 ஆவணியில திரும்பப் பூட்டுப்பட்டுது.

2008 கடைசியில இருந்து 2009 வைகாசி மட்டும் நான் எழுத மாட்டன். அது கடைக் கதை இல்லை. ஒண்டு மட்டும், ஏனெண்டா நீங்கள் கேட்டது டொக்கியுமென்ற். அப்பம்மா ஒரு பொலித்தீன் பையை வயித்தோட கட்டிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன் எண்டு நடந்தவ. காணிப் பேமிற் இருக்கு எண்டுதான் நாங்கள் நினைச்சம். மெனிக் பாம் முகாமில வலயத்துக்குள்ள போய்க் கூடாரத்தில அவிட்டுப் பாத்தா பேமிற்றோட ரெண்டு கொப்பி. ஒரு நீட்டுக் கொப்பி, ஒரு 40 பக்கச் சின்னக் கொப்பி. நகையை ஏன் வைக்கேல்ல எண்டு அம்மா கத்தினா. நகை எல்லாருக்கும் நகை, உது எங்களுக்கு மட்டும்தான் காசு எண்டு கிழவி சொன்னது. அவ முகாமிலயே போயிட்டா. அப்பா அதுக்கு முந்தியே இல்லை.

2010 இல வந்து இறங்கேக்க சந்தி பத்தையாக் கிடந்தது. கடை இருந்த இடத்தை நான் கண்டுபிடிச்சது அந்த மூண்டு சீமெந்துப் படியால. தந்த தகரத்தைப் போட்டு அதுக்கு மேலதான் இப்பத்தையக் கடை. 14 பலகையில ஒண்டு, 6 ஆம் இலக்கம், ரெண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டுக் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கிற பலகையாக் கிடந்தது. அது எங்கட எண்டு சொன்னன். அந்தக்கா, பத்தைக்குள்ள கிடந்து எடுத்தது, தரமாட்டன் எண்டா. அஞ்சு கிலோ மாவுக்குத்தான் விட்டா, என்ர சொந்தப் பலகையை நான் காசு குடுத்து வாங்கினனான். இப்ப கடைக்குள்ள மாட்டி இருக்கு, வந்தாப் பாக்கலாம், உளியால வெட்டின 6 வடிவாத் தெரியும்.

கடை துறந்து மூண்டாம் கிழமை ஒரு வயசுபோன ஐயா சைக்கிளில வந்தார். பட்டறையில 38 ரூபாவை வைச்சார். என்ன ஐயா எண்டன். 95 இல கொப்பியில நிண்டது பிள்ளை, கொப்பர் இல்லை எண்டு கேள்விப்பட்டன், உன்னட்டத் தாறன் எண்டார். நான் கொப்பியை எடுத்துப் பாத்தா உண்மைதான், "மதகடி" எண்டு போட்டு 38 ரூபா. 15 வருசம், அந்த 38 ரூபாவுக்கு அப்ப வாங்கின சாமானை இப்ப வாங்கேலாது ஐயா எண்டு பகிடியாச் சொன்னன், மனிசன் பகிடியா எடுக்கேல்ல. உன்ர கொப்பர் வட்டி வாங்கிற ஆள் இல்லை, நீ புதுசாத் துவங்கிறியோ எண்டு சண்டைக்கு வந்திட்டார். கோடு போட்டுக் காட்டின பிறகுதான் போனவர். அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்குள்ள பதினொரு பேர் வந்து கட்டிச்சினம், அதில அஞ்சு பேர் சின்னக் கொப்பி. இந்தப் பதினொரு பேரும் எந்தக் கந்தோரிலயும் சத்தியக்கடதாசி முடிச்சுத் தருவினம், நான் கேட்டுட்டன்.

இப்பத்தைய நிலைமை உங்களுக்கும் தெரியும், கெதியாச் சொல்லிப் போட்டு விடுறன். சனம் சம்பளம் எடுத்த கிழமை ரவுணில ஏசி போட்ட சுப்பர் மாக்கெற்றுக்குப் போகுது, கடைசிக் கிழமை என்னட்ட வருது. பொம்பிளையளுக்குக் கிழமைக்குக் கிழமை கட்டிற நுண்கடன் வந்து பட்டபாடு, 2018 இல அரசாங்கமே ஒரு லட்சத்துக்கு உட்பட்டதைத் தள்ளுபடி செய்யிற அளவுக்குப் போச்சு, அந்த வசூல்காரப் பெடியள் வீட்டுக்கு வாற நாளில பெட்டையள் என்ர கடைக்குப் பின்னாலதான் ஒளிச்சு நிண்டதுகள். 2021 இல உரம் இல்லை, 2022 இல ஒண்டுமே இல்லை. மண்ணெண்ணை 87 ரூபாவில இருந்து ஒரே இரவில 340. அந்த வருசம் நான் சீஆர் கொப்பி மூண்டு முடிச்சனான். இப்பவும் பேர் எழுதிறேல்ல, இப்ப நான் எழுதிறது "ஸ்கூட்டி நீலம்", "ரிக்ரொக் தாய்" இப்பிடி.

சரி, எனக்கு என்ன வேணும் எண்டா, 1985 எண்ட அந்தத் திகதியைத் தூக்குங்கோ, இல்லாட்டி ஊர்ச் சாட்சியை ஏத்துக்கொள்ளுங்கோ, இதுக்கு விதானையார் கையெழுத்து வைக்கத் தயார். காக்காவின்ர இடத்துக்கு ஒரு கடையை அவையின்ர பிள்ளையளுக்கு ஒதுக்கி வைச்சிட்டு ஒரு கடிதம் போடுங்கோ, வாறதும் வராததும் அவையின்ர விருப்பம். திறப்பு என்னட்ட இருக்கு, பூட்டுத்தான் இல்லை. இன்னொண்டு, அந்த மூண்டு படியை பெக்கோவால கிளப்பாம விடேலுமெண்டா விடுங்கோ, உங்கட பிளானில அந்த இடத்தில பூந்தொட்டி எண்டுதான் கீறிக் கிடக்கு, பூந்தொட்டியை அங்கால தள்ளி வைக்கலாம்.

இனிக் கடைசி விசயம். இதை நான் கவுண்டரில காட்டுவம் எண்டுதான் கொண்டு வந்தனான், தங்கச்சி அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டா.

நீட்டுக் கொப்பியில 91 ஆம் பக்கம், 1969 ஆம் ஆண்டு. அந்தப் பக்கத்தில மட்டும் அப்பப்பா பட்டப்பேர் எழுதேல்ல, "கிராமச்சங்கம்" எண்டே எழுதியிருக்கிறார். சங்கக் கூட்டத்துக்கு எடுத்த தேயிலை, சீனி, மலிபன் பிஸ்கட், ஒரு கட்டு வெத்திலை, மூண்டு கூட்டம், மொத்தம் 11 ரூபா 40 சதம். கீழ எடுத்த ஆளின்ர கையெழுத்து, பக்கத்தில ஊதா மையில சங்கத்தின்ர றபர் முத்திரை, திகதியோட. பக்கத்துக்குக் குறுக்க கோடு இல்லை.

சங்கம் போனாலும் அந்தக் கட்டிடம், கிணறு, சந்தைக் காணி எல்லாம் கைமாறிக் கடைசியில உங்களிட்டத்தான் வந்தது, அப்ப கடனும் உங்களிட்டத்தான். 1985க்கு முந்தின, முத்திரை குத்தின, ஒறிஜினல். போட்டோக்கொப்பி எடுபடாது எண்டு நீங்கள் சொன்னதால கொப்பியை நான் அனுப்ப மாட்டன், நீங்கள்தான் வரவேணும். ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் பூட்டு, மற்ற நேரமெல்லாம் கடை துறந்திருக்கும். 11 ரூபா 40 சதத்தைச் சில்லறையாக் கொண்டு வாங்கோ, வட்டி வேண்டாம், உங்கட கண்ணுக்கு முன்னாலயே கோடு போடுறன், ஆனா ஒரு பிரச்சினை, சதம் இப்ப எடுபடாது, 11 தாறதோ 12 தாறதோ எண்டு சபையில தீர்மானம் எடுத்துக்கொண்டு வாங்கோ.

இப்படிக்கு,
பஸ் நிக்கிற இடத்துக்கு நேர முன்னால,
தீவாற்ர கடை